இறங்க விடாத ஊர்

சிலுவைப் போருக்கு வந்த பிராங்கியர் தங்கள் கோட்டைகளை விட்டுக் கடலேறிப் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் அப்போது கிழவர்களாக இருந்தார்கள். அந்தக் காலத்தில் லெபனோன் மலையில், எங்கள் கஃபர்தூத் ஊரில், நோஹ்ரா என்று ஒரு கோவேறு கழுதைக்காரன் இருந்தான். உச்சிப் பள்ளங்களில் கோடையிலும் உருகாமல் கிடக்கும் பனியை வெட்டி, வைக்கோலில் பொதிந்து, கழுதை மேல் ஏற்றித் திரிப்போலிப் பட்டணத்துக்குக் கொண்டுபோவது அவன் பிழைப்பு. வெயில் ஏறுவதற்குள் பாதி மலை இறங்கியாக வேண்டும். நின்றால் சரக்கு தண்ணீராகிவிடும். அதனால் நிற்காமல் நடப்பதும், நடக்கிற வழியெல்லாம் பேசுவதும் அவன் உடம்போடு வந்துவிட்டன. எதிரே வருகிறவன் முன்பின் தெரியாதவனானாலும் நலம் விசாரிப்பான். அவன் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் இவன் அடுத்த வளைவில் இருப்பான். ஆள் கிடைக்காவிட்டால் கழுதையோடு சண்டை பிடிப்பான். அவனோடு சேர்ந்து பனிக் கழுதை ஓட்டிய பர்சூம், "நோஹ்ராகூட நடந்தா வழி தெரியாது, காது மட்டும் வலிக்கும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஓர் இலையுதிர் காலத்தில் விஷக்காய்ச்சல் வந்தது. நோஹ்ராவின் மனைவி தக்லா அதில் போனாள். அவளைப் புதைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், மகள் ஷமூனியின் உடம்பு அடுப்புக் கல்லாகக் கொதித்துக் கிடந்தது. ஒரே பிள்ளை. பால்பற்கள் விழுந்து முளைக்கிற வயது. நோஹ்ரா மண் ஒட்டிய கையோடு மார் ஷல்லீத்தா கோவிலுக்கு ஓடி, புனிதர் படத்துக்கு முன் விழுந்து, ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"ஷல்லீத்தா சாமி! இந்தப் புள்ளைய எனக்கு விட்டுக் குடு. மேல காலியா கெடக்குற குகைல இந்தக் குளிர்காலம் முழுக்க நான் தபசு இருக்கேன். பேசாம, அசையாம, ஒரே எடத்துல இருக்கேன். நான் உனக்குத் தர இதைவிடப் பெரிசா எங்கிட்ட ஒண்ணும் இல்ல!"

அது உண்மை. ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதைவிடக் கடினமான ஒன்றை அவனால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

பிள்ளை பிழைத்தாள். முதல் பனி விழுவதற்கு முன் நோஹ்ரா தன் நேர்ச்சையைத் தீர்க்கப் புறப்பட்டான். ஊர்த் தலைவர் இல்யான் பிள்ளையையும் கழுதையையும் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மார்பு அகன்ற மனிதர். ஊர் என்றால் அவருக்கு உயிர். வழியனுப்ப வந்த கூட்டம் பாறைக்கு அடியில் நின்று சிரித்தது.

"டேய் நோஹ்ரா, குகைல எதிரொலி நல்லா வருமாம். நீயே கேட்டு நீயே பதில் சொல்லிக்கலாம்!"

"கழுதை இல்லாம யாரைடா திட்டுவ?"

"பாஸ்காவுக்கு வந்து உங்களை எல்லாம் சேத்துத் திட்டுறேன், போங்கடா" என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினான்.

அந்தக் குகை ஊருக்கு மேலே செங்குத்தான பாறையில் இருக்கிறது. மூன்று ஆள் உயரத்துக்கு மேல் நீண்ட ஏணி வைத்தால்தான் ஏற முடியும். உள்ளே ஒரு சின்னப் பீடம், படுக்க ஒரு கல் மேடை, கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்க ஒரு குழி. முன்னால் இரண்டு பேர் நிற்கிற அளவுக்கு ஒரு பாறைத் திட்டு. அந்தத் திட்டில் நின்றால் ஊர் தெரியும், மல்பெரித் தோட்டங்கள் தெரியும், அதற்கு அப்பால் கடலை நோக்கி இறங்கும் பாதை முழுவதும் தெரியும். நோஹ்ராவை வதைத்தது அந்தப் பாதைதான். யார் போகிறார்கள், எந்தக் கழுதை நொண்டுகிறது, எவன் சுமையைச் சரியாகக் கட்டவில்லை என்று பார்த்துக்கொண்டே இருப்பான். கால்கள் தாமாக ஆடும். அவனுக்குப் பரலோக மந்திரமும் வேதத்திலிருந்து இரண்டொரு சங்கீதமும்தான் தெரியும். அவற்றைச் சொல்லி முடித்தபின் பாதையில் நடந்ததையெல்லாம் ஆண்டவரிடம் சொல்லத் தொடங்குவான். வேறு எதைச் சொல்வது என்று தெரியவில்லை.

குளிர்காலம் முடியப்போகிற சமயத்தில் ஒரு காலை நேரம், எலிகள் அவனுடைய உலர்ந்த அத்திப்பழங்களைத் தின்றுவிட்டன. நோஹ்ரா திட்டில் வந்து நின்று, இரண்டு கைகளையும் மேலே தூக்கி, எலிகளையும் அவற்றைப் படைத்தவரையும் ஏசிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து உச்சியில் பனி பிளந்து சரிந்தது. இடி மாதிரி சத்தம். ஊரே வெளியே ஓடி வந்தது. வெள்ளைச் சுவர் ஒன்று நேராகக் கஃபர்தூத்தை நோக்கி வந்து, குகைப் பாறையில் மோதி, இரண்டாகப் பிரிந்து, இரு பக்கமும் ஆளில்லாத தோட்டங்களில் விழுந்தது. ஒரு வீடு போகவில்லை, ஓர் ஆடு சாகவில்லை. பனித்தூள் அடங்கியபோது, மேலே கைகளைத் தூக்கியபடியே நோஹ்ரா நின்றுகொண்டிருந்தான். பயத்தில் கைகளை இறக்கவே அவனுக்குத் தோன்றவில்லை.

கீழே ஒரு பெண் முழங்காலில் விழுந்தாள். பிறகு எல்லோரும் விழுந்தார்கள்.

குளிர்காலம் முடிந்து, ஆண்டவர் உயிர்த்தெழுந்த திருநாளான பாஸ்கா வந்தது. நோஹ்ரா தன் போர்வையைச் சுருட்டி, தாடியைக் கையால் கோதி, ஏணி வருமென்று காத்திருந்தான். ஏணி வரவில்லை. கூடையில் மெல்லிய கயிறு கட்டி ரொட்டியும் முட்டையும் அனுப்பினார்கள்.

"ஏணி எங்க?" என்று கத்தினான்.

"ஏணில ரெண்டு படி உடைஞ்சிருச்சு, சாமி. தச்சர் பாத்துக்கிட்டு இருக்காரு."

'சாமி' என்றா சொன்னான்? சொன்னவன் அவனோடு கோலி விளையாடி வளர்ந்தவன்.

"யாருடா சாமி? நோஹ்ராடா! ரெண்டு படி மாட்ட எத்தனை நாளாகும்? இல்யானை வரச் சொல்லு!"

மல்பெரி துளிர்த்து, பட்டுப்புழு முட்டை பொரிக்கிற வரை ஏணி சரியாகவே இல்லை. கடைசியில் இல்யானே வந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே நின்றார். ஊர்க் கோவிலின் பங்குக் குரு சாபாவும் கூட நின்றார். மெலிந்த, நல்ல மனிதர், யாரையும் எதிர்த்துப் பேச வராதவர்.

"சாமி, நீங்க எங்களை விட்டுப் போகக் கூடாது" என்றார் இல்யான்.

"என் நேர்ச்சை முடிஞ்சு போச்சுங்க, தலைவரே. ஒரு குளிர்காலம்னுதான் சொன்னேன். சாபா சாமிகிட்டயே கேளுங்க."

சாபா தரையைப் பார்த்தார். "சொன்னது என்னமோ அப்படித்தான்..." என்று இழுத்தார்.

"ஆண்டவர் வேற மாதிரி நெனைச்சிருக்காரு" என்றார் இல்யான். "நீங்க இறங்கினதுக்கு அப்புறம் பனி சரிஞ்சா? எத்தனை புள்ளைங்க இருக்கு கீழ! உங்க புள்ளையும் எங்க வீட்லதான் இருக்கு, சாமி. எங்க புள்ளைங்க தட்டுலதான் சாப்பிடுது. நாங்க நல்லா இருந்தா அதுவும் நல்லா இருக்கும்."

அவர் மிரட்டவில்லை. கண் கலங்கித்தான் சொன்னார். ஆனாலும் நோஹ்ரா அதற்குமேல் ஏணியைக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்குகளிலிருந்து, கடற்கரையிலிருந்து, ஒருமுறை தமாஸ்குவிலிருந்துகூட. பாறைக்கு அடியில் நின்று தங்கள் துன்பங்களைச் சொன்னார்கள். நோஹ்ராவுக்குத் தெரிந்தது கழுதை வைத்தியம். ஆறாத புண்ணுக்குத் தேனும் வெங்காயமும் வைத்துக் கட்டச் சொன்னான், ஆறியது. சொத்துக்காக அடித்துக்கொண்ட அண்ணன் தம்பிகளைப் பார்த்து, "ரெண்டு பேரும் வாயை மூடிட்டு வீட்டுக்குப் போங்கடா, உங்க அம்மா அழுவுறா" என்று கத்தினான். அவர்களுடைய தாய் உண்மையிலேயே அன்று அழுதுகொண்டிருந்தாளாம். ஊமையாக இருந்த ஒரு பெண் குழந்தை அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு "தாடி" என்றது. அன்று நோஹ்ரா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இது நிஜமோ? தன்னை அறியாமல் தன்னிடம் ஏதாவது வந்து சேர்ந்திருக்கிறதோ? நாள் முழுவதும் அந்த நினைப்பு இனித்தது. மறுநாள் பாதையில் பர்சூம் கழுதைகளை ஓட்டிக்கொண்டு இறங்குவதைப் பார்த்ததும், எந்தப் புண்ணியமும் வேண்டாம், அந்தக் கழுதை வாலைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

அவன் சாமியானபின் கஃபர்தூத் செழித்தது. பாதையோரம் சத்திரம் எழுந்தது. கோவிலுக்குப் புது மணி வந்தது. பள்ளத்தாக்கின் அடியிலிருந்த மடத்துத் துறவிகள் அவனுக்குக் கறுப்பு அங்கி அனுப்பினார்கள். "எனக்கெதுக்கு இது?" என்றான். குளிர் தாங்காமல் போட்டுக்கொண்டான். அதைப் பார்த்துக் கீழே நின்றவர்கள் சந்தோஷத்தில் அழுதார்கள்.

ஆற்றுக்கு அக்கரையில் ஐன்வர்தா என்றொரு ஊர். அந்த ஊருக்கும் எங்களுக்கும் தண்ணீர்ச் சண்டை ஆதாம் காலத்திலிருந்து உண்டு. கஃபர்தூத்தின் செழிப்பு அவர்கள் கண்ணைக் குத்தியது. எங்கள் ஆட்கள் எல்லாம் ஒரு கல்யாணத்தில் இருந்த நாளாகப் பார்த்து, ஐன்வர்தாக்காரர்கள் நாலைந்து பேர் ஏணியோடு வந்தார்கள்.

"சாமி, எங்க ஊருக்கு வந்துருங்க. இவனுங்க உங்களை அடைச்சு வச்சிருக்கானுங்கன்னு ஊரே பேசுது."

நோஹ்ராவுக்கு உயிர் வந்தது. போர்வையைக்கூட எடுக்காமல் திட்டின் ஓரத்துக்கு வந்துவிட்டான். ஏணியில் ஒரு கால் வைத்தபின் ஏதோ தோன்றிக் கேட்டான்.

"உங்க ஊர்ல எனக்கு எங்க எடம் பாத்திருக்கீங்க?"

"அதைக் கேக்கணுமா! இதைவிட ஒசரமான குகை, சாமி. பாய் போட்டு, விளக்கு வச்சுத் தயாரா இருக்கு."

"ஏணி?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஏணி எதுக்கு சாமி? நாங்க பாத்துக்குவோம்."

நோஹ்ரா காலை மேலே இழுத்துக்கொண்டான். எப்படியாவது கீழே இறங்கிவிடலாம், பிறகு ஓடிக்கொள்ளலாம் என்று அவன் முடிவெடுப்பதற்குள் கல்யாண வீட்டிலிருந்து தடிகளோடு எங்கள் ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். மண்டைகள் உடைந்தன. அன்றிலிருந்து பாறைக்கு அடியில் எப்போதும் இருவர் காவல். சாமிக்குப் பாதுகாப்பு என்றார்கள். ஏணியைக் கோவிலுக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

பக்தர்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த ஆட்டுமயிர்ப் போர்வைகளைப் பிரித்து, நோஹ்ரா கயிறு திரித்தான். ஒரு குளிர்காலம் முழுக்கத் திரித்தான். திராட்சை அறுவடை நாளில், காவல்காரர்களும் தோட்டத்துக்குப் போய்விட்ட பகலில், கயிற்றைப் பீடத்துக் கல்லில் கட்டி இறங்கினான். உட்கார்ந்தே இருந்த கால்களுக்கும் கைகளுக்கும் பலம் போய்விட்டிருந்தது அவனுக்குத் தெரியவில்லை. பாதியில் பிடி நழுவியது.

திராட்சைக் கூடைகளோடு வந்த பெண்கள்தான் அவனைப் பார்த்தார்கள். தொடை எலும்பு முறிந்து, பாதையை நோக்கிக் கையால் தவழ்ந்துகொண்டிருந்தான். பாதைக்கு இன்னும் ஒரு கல்லெறி தூரம் இருந்தது.

"ஐயோ, பிசாசு சாமியைத் தள்ளிட்டான்!" என்று ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டாள்.

"யம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், என்னை அந்தப் பாதைல கொண்டு விட்டுருங்க. அது போதும்" என்று நோஹ்ரா அழுதான்.

"வலியில பேசுறாரு" என்றார்கள். முக்காட்டுத் துணியால் அவன் முகத்தைத் துடைத்தார்கள், அவன் காலை முத்தமிட்டார்கள், அழுதுகொண்டே தூக்கிப் போனார்கள். பெரிய கூடையில் வைத்து மறுபடியும் மேலே ஏற்றினார்கள். ஆட்டிடையன் ஒருவன் எலும்பை வைத்துக் கட்டினான். கால் வளைந்தே கூடியது. அதற்குப்பின் ஏணி கிடைத்தாலும் அவனால் தனியாக இறங்க முடியாது.

ஷமூனி வளர்ந்துகொண்டிருந்தாள். முதலில் ரொட்டிக் கூடையோடு மற்றவர்கள்கூட வருவாள்; பிறகு அது அவளுடைய வேலையே ஆகிவிட்டது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது, "எப்பப்பா வருவீங்க?" என்று தினமும் கேட்பாள். "பாஸ்காவுக்கு, தாயி" என்பான். பல பாஸ்காக்கள் போனபின் அவள் கேட்பதை விட்டாள். அவள் குடம் சுமக்கத் தொடங்கியதை, முதல்முதலாக ரொட்டி சுட்டதை, அவள் தலை எப்படி உயர்ந்துகொண்டே வருகிறது என்பதை எல்லாம் அவன் மேலிருந்துதான் பார்த்தான். உச்சந்தலை வகிடு அவனுக்கு நன்றாகத் தெரியும். முகத்தைப் பார்க்க அவளை அண்ணாந்து பார்க்கச் சொல்ல வேண்டும். சூரியன் கண்ணில் அடிக்கும். அவள் கண்ணைச் சுருக்கிக்கொள்வாள்.

இல்யானின் மகன் ஜிர்ஜிக்கு அவளைக் கட்டி வைத்தார்கள். கழுதைக்காரன் மகளுக்கு அப்படி ஓர் இடம் கனவிலும் கிடைக்காது. மணமக்கள் பாறைக்கு அடியில் வந்து ஆசி வாங்கினார்கள். நோஹ்ரா மேலிருந்து கையைத் தூக்கினான். பாடத்தான் நினைத்தான், அவனுக்குப் பாட்டு நிறையத் தெரியும். குரல் வரவில்லை. அந்தக் காலத்துக்குள் அவன் பேச்சு மிகவும் குறைந்து போயிருந்தது. மாதக்கணக்கில் வாயே திறப்பதில்லை. 'மௌனம் கைகூடியிருக்கிறது' என்று மடத்துத் துறவிகள் மெச்சினார்கள்.

கல்யாணமான மறு கோடையில் அவளிடம் கேட்டேவிட்டான். காவல்காரர்கள் சற்றுத் தள்ளி நிழலில் இருந்தார்கள்.

"ஷமூனி, பர்சூம்கிட்ட சொல்லி ஒரு கழுதை ஏற்பாடு பண்ணு. நீயும் உன் புருஷனுமா ஒரு நாள் ஏணியைக் கொண்டு வாங்க. உன் பேச்சைக் கேப்பான் அவன்."

அவள் கூடையின் கயிற்றை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"எங்கப்பா போவீங்க, இந்தக் காலை வச்சுக்கிட்டு?"

"எங்கயோ. நடக்குற எடத்துக்கு."

"நீங்க போயிட்டா நான் யாருப்பா அந்த வீட்ல?" அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. "சாமி மவள்னுதான் மாமியா என்னைய மதிக்கிறா. கழுதைக்காரன் மவள்னா அடுப்படில கெடக்கணும். நான் மாசமா வேற இருக்கேன். இன்னும் கொஞ்ச நாளு பொறுத்துக்குங்கப்பா."

நோஹ்ரா, "சரி தாயி" என்றான். இல்யானின் சொல்லும் முறிந்த காலும் செய்யாததை அந்தப் பதில் செய்தது. அன்று முதல் பாதையைப் பார்ப்பதையே விட்டுவிட்டு, குகைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

ஷமூனிக்கு மகன் பிறந்தான். அந்த வருடம் மழை தவறியது. ஐன்வர்தாக்காரர்கள் எங்கிருந்தோ ஒரு துறவியைப் பிடித்து வந்து தங்கள் குகையில் வைத்தார்கள். அவர் உப்புகூடச் சேர்ப்பதில்லையாம், சங்கிலி கட்டிக்கொண்டு ஜெபிக்கிறாராம். ஜனங்கள் அக்கரைக்குத் திரும்பினார்கள். நம் சாமி சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தால் யார் வருவார்கள்?

இல்யான் ஒரு கொத்தனாரோடு ஏணி வைத்து மேலே வந்தார். கொத்தனார் கையில் நூல்கயிறு. "கொஞ்சம் நீட்டிப் படுங்க, சாமி" என்று தலையிலிருந்து கால்வரை அளந்தார். வளைந்த காலை எப்படி அளப்பது என்று இருவரும் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள்.

"என்னத்துக்கு அளவு? புது அங்கியா?" என்றான் நோஹ்ரா.

இல்யான் அவன் கையைப் பிடித்து முத்தமிட்டார். "கோவில்ல பீடத்துக்குப் பக்கத்துலயே உங்களுக்கு எடம், சாமி. நல்ல கல்லு. கடற்கரைலேர்ந்து வருது. நீங்க எப்பவும் எங்ககூடவே இருப்பீங்க."

பாஸ்காவுக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலம் தொடங்கியதும் ஊர் முழுவதும் முரசறைந்தார்கள்: கஃபர்தூத்துச் சாமி பாஸ்கா வரை ஒரு வாய் உணவும் தொடாமல் பெருந்தபசு இருக்கப் போகிறார். சேதி பரவியது. ஜனங்கள் மறுபடியும் எங்கள் பாறைக்கு வரத் தொடங்கினார்கள். ரொட்டிக் கூடையைக் காவல்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள்.

"யாரு சொன்னா அப்பா பட்டினி இருக்கப் போறாருன்னு?" என்று ஷமூனி மாமனாரிடம் கேட்டாள். இடுப்பில் கைக்குழந்தை, இல்யானின் முதல் பேரன்.

"ஆண்டவர் சொன்னாரும்மா" என்றார் இல்யான். அதை அவர் நம்பினார் என்றுதான் நான் நினைக்கிறேன். "அவங்கள்லாம் நம்ம மாதிரி இல்ல. பசி தெரியாது அவங்களுக்கு."

அவள் பாறைக்கு ஓடினாள். "அப்பா!" என்று கூப்பிட்டாள். மேலே அசைவே இல்லை. பலமுறை கூப்பிட்டபின் திட்டின் விளிம்பில் ஒரு கை தெரிந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது. அந்தக் கை அவளை ஆசீர்வதிப்பதுபோல் அசைந்தது. கூடி நின்ற பக்தர்கள் "ஆமென்" என்றார்கள். ஷமூனிக்குத் தெரிந்தது: வீட்டுக்குப் போ என்று சைகை காட்டுகிறார்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து ஊர்வலமாக எல்லோரும் பாறைக்கு வந்தார்கள். சாபா குரு ஏணியில் ஏறி, சாமிக்கு நற்கருணை அப்பம் கொடுத்துவிட்டு வெளுத்த முகத்தோடு இறங்கினார். ஏணியை எடுக்கப் போகும்போது ஷமூனி முன்னால் வந்தாள்.

"புள்ளைய அப்பாகிட்ட காட்டி ஆசி வாங்கிட்டு வந்துடுறேன், மாமா."

யார் வேண்டாமென்பார்கள்? குழந்தையைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு ஏறினாள். உள்ளே போனாள். நோஹ்ரா கல் மேடையில் கிடந்தான். அவள் முகத்தைப் பக்கத்தில் பார்த்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அடையாளம் தெரியாமல் முதலில், "தக்லா?" என்றான்.

அவள் அழ நிற்கவில்லை. வெளியே வந்து, ஏணியின் தலையைப் பிடித்து மேலே இழுத்தாள். பாப்லார் மர ஏணி. நீளமே தவிரக் கனம் அதிகமில்லை. கீழே நின்றவர்களுக்கு என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் அதன் கீழ்ப்படி அவர்கள் தலைக்கு மேல் போய்விட்டது. பின்னாலிருந்து இன்னொரு கை ஏணியைப் பிடித்தது. நோஹ்ரா உட்கார்ந்தபடியே இழுத்துக்கொண்டிருந்தான்.

"என்னம்மா பண்ற?" என்று இல்யான் கத்தினார்.

ஷமூனி குழந்தையை முன்னால் எடுத்து, மார்போடு அணைத்துக்கொண்டு திட்டில் உட்கார்ந்தாள்.

"நானும் தபசு இருக்கப் போறேன், மாமா. சாமிக்கு என்ன சாப்பாடோ அதுதான் எனக்கும். எனக்குச் சாப்பாடு இல்லன்னா பால் வத்தும். பால் வத்தினா உங்க பேரனுக்கும் பெருந்தபசுதான். ஆண்டவர் அவனுக்கும் பசி தெரியாம பாத்துக்குவாரு, இல்ல?"

இல்யான் காவல்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"பைத்தியம் புடிச்சிருச்சு இவளுக்கு! வேற ஏணி கொண்டு வாங்கடா!"

"கொண்டு வாங்க. இந்தத் திட்டுல ரெண்டு பேருக்குத்தான் எடம். மூணாவதா ஒருத்தன் தலை தெரிஞ்சா யாரு விழுவாங்கன்னு நான் சொல்ல முடியாது. என் மடில புள்ள இருக்கு."

ஒருவரும் அசையவில்லை. குழந்தைக்குச் சத்தம் பிடிக்காமல் அழத் தொடங்கியது. அந்த அழுகை பாறையில் பட்டு ஊருக்குள் போனது. முதலில் பேசியவள் இல்யானின் மனைவிதான்.

"என்ன வேணும்டி உனக்கு? அதைச் சொல்லு மொதல்ல. புள்ளைக்கு வெயில் படுது!"

"ஒரு கழுதை. ஒரு சட்டி பருப்புக்கஞ்சி. எங்கப்பா போற பாதைய யாரும் மறிக்க மாட்டோம்னு, இப்ப மட்டுமில்ல, செத்தாலும் எலும்பைத் தேடிப் போக மாட்டோம்னு சாபா சாமி சுவிசேஷத்துல கை வச்சு ஊருக்காகச் சத்தியம் பண்ணணும்."

"நாம அழிஞ்சோம்!" என்றார் இல்யான். "பனி சரிஞ்சா யாரு நிறுத்துவா? நீயா?"

அப்போது மேலே நோஹ்ராவின் குரல் கேட்டது. கரகரப்பான, துருப்பிடித்த குரல். "தலைவரே, அன்னிக்கு நான் எலியைத் திட்டிக்கிட்டு இருந்தேன். பாறைதான்யா பனியைப் பொளந்துச்சு. பாறை இங்கதான் இருக்கும். அதை நான் கொண்டு போக மாட்டேன்."

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். சிரித்ததற்குப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அதற்குப்பின் கூட்டத்தின் முறுக்கு தளர்ந்துவிட்டது. ஜிர்ஜி தன் தகப்பனின் தோளில் கை வைத்து, "போதும்ப்பா" என்றான். அவன் அதுவரை அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இல்யான் எல்லோருடைய முகத்தையும் பார்த்தார். பிறகு பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

சாபா குரு யாரும் சொல்லாமலே சுவிசேஷப் புத்தகத்தின் மேல் கை வைத்தார். இந்த முறை ஒரு சொல்லையும் விழுங்காமல் முழுவதும் சொன்னார்.

கஞ்சி மேலே போனபின் ஷமூனி ஏணியை இறக்கிவிட்டாள்; நோஹ்ராவைக் கூடையில் இறக்கினார்கள். கால் தரையில் பட்டதும் அவன் நிற்க முயன்று விழுந்தான்; மறுபடி எழுந்தான். பர்சூம் கழுதையோடு வந்திருந்தான். தாடி நரைத்திருந்தது அவனுக்கும். "டேய்... எப்படிடா ஏத்துறது உன்னை?" என்றான். 'டேய்' என்ற சொல்லைக் கேட்டதும் நோஹ்ரா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான்.

ஷமூனி இடுப்புப் பிள்ளையோடு பாதையின் முதல் வளைவுவரை நடந்தாள். "என்னை மன்னிச்சிருங்கப்பா" என்றாள். "எதுக்கு? நீதானே என்னைய இறக்கின" என்றான் அவன். பேரன் அவன் தாடியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

நோஹ்ரா அதற்குப்பின் பல வருடங்கள் பர்சூமின் பனிக் கழுதைகளோடு போய்வந்தான். சவாரியாகத்தான், நடை அவனுக்குத் திரும்பவில்லை. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. கூரை இருக்கும் இடத்தில் படுக்க மாட்டான். மழையிலும் சத்திரத்து முற்றத்தில் சாக்கைப் போர்த்துக்கொண்டு கிடப்பான். கஃபர்தூத்துக்குள் கால் வைக்கவே இல்லை. கோடையில் கீழே ஆற்றுத் துறையில் நின்று கூப்பிடுவான்; ஷமூனி ரொட்டியும் திராட்சைப் பாகும் எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு இறங்கிப் போவாள்.

அவள் பயந்தது நடந்தது. மாமியார் வீட்டில் அவளுக்குப் பழைய மரியாதை போய்விட்டது. இல்யான் சாகும்வரை அவளோடு பேசவில்லை. ஊரில் அவளுக்கு 'ஏணி இழுத்தவள்' என்று பேர் விழுந்தது. முதலில் ஏச்சாகத்தான் சொன்னார்கள். போகப்போக, ஊரில் ஒருத்திக்கு அநியாயம் நடந்தால், "ஏணி இழுத்தவகிட்ட போயிச் சொல்லு" என்பது வழக்கமாயிற்று.

ஒரு கோடையில் பர்சூம் மட்டும் வந்தான். நோஹ்ரா கடற்கரைப் பக்கம் காய்ச்சலில் போய்விட்டதாகச் சொன்னான். ஷமூனி அவனோடு இறங்கிப் போய், சில நாட்கள் கழித்துத் திரும்பினாள். ஐன்வர்தாக்காரர்கள் வந்து கேட்டார்கள், எங்கே புதைத்திருக்கிறது என்று. எங்கள் ஊர்ப் பெரியவர்களும் கேட்டார்கள். சத்தியம் ஞாபகம் இருக்கிறது, தேட மாட்டோம், தெரிந்துகொள்ள மட்டும்தான் என்றார்கள். அவள் மாவு பிசைந்துகொண்டே இருந்தாள். தன் பிள்ளைகளுக்கும் அவள் கடைசிவரை சொல்லவில்லை.